கழிவை வரவில் எழுதிய கணக்கர்

நமது தேசத்தில் ரூபாய் அணா பைசாவுக்குக் கணக்கெழுத வல்லவர்களுக்கு எக்காலத்தும் குறைவிருந்ததில்லை. ஆனால் மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையே நடைபெறும் கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்கெழுத முற்பட்டவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் காலஞ்சென்ற ஸ்ரீ ஜே. ஸி. குமாரப்பா. லண்டனில் கணக்கியல் பயின்று பம்பாயில் பெரிய வியாபாரிகளின் ஏடுகளைத் தணிக்கை செய்துவந்த அவர், பிற்காலத்தில் சாணத்தையும் சருகையும் மனிதக் கழிவையும் தேசத்தின் வரவுப் பக்கத்தில் எழுதவேண்டும் என்று வாதாடினார். படித்தவர்களில் பலர் அன்று அதைக் கேட்டுச் சிரித்தனர். இன்று உலகமெங்கும் விவசாய சாஸ்திரிகள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

குமாரப்பா பிறந்தது தஞ்சையில். தஞ்சையிலிருந்து வடக்கே சென்று, திருவையாற்றைத் தாண்டி, கொள்ளிடப் பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் திருமானூர். இன்று அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, உதிர்ந்த இலை முதலியவற்றை மக்கவைத்துச் செடிகளை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைகளில் இக்காலத்தில் ஈடுபட்டு வருகின்றனர். திருமானூர் போன்ற வட்டாரங்களில் அப்பரிசோதனைகளுக்கு விசேஷப் பொருத்தம் உண்டு. ஆற்றின் அக்கரையில் பிறந்த ஒரு தமிழர் இதே வேலையைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்தார் என்பதை இம்மாணவர்களும் அவர்களுடைய உபாத்தியாயர்களும் அறிந்திருத்தல் நலம். ஆகவே அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

1892-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஒழுங்கிலும் நேரம் தவறாமையிலும் கண்டிப்பானவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மையார் ஏழைகளிடத்தில் இரக்கமுள்ளவர். தகப்பனாரின் கண்டிப்பும் தாயாரின் இரக்கமும் மகனிடத்தில் ஒருங்கே வந்து சேர்ந்தன. பின்னாளில் அவரோடு பழகியவர்கள் அவருடைய கடுமையைக் கண்டு அஞ்சியதும், அக்கடுமை ஏழையின் பொருட்டே என்றுணர்ந்து அவரை நேசித்ததும் இதன் பயனே.

வாலிபப் பருவத்தில் அவர் இங்கிலாந்து சென்று கணக்குத் தணிக்கைத் தொழிலில் தேர்ச்சி பெற்றார். தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்திவந்தார். மேனாட்டு உடை, மேனாட்டு நடை, மேனாட்டு வாழ்க்கை, கை நிறைய வருமானம் என்று காலம் சென்றது. அக்காலத்தில் அவரைப் பார்த்தவர் எவரும், இம்மனிதர் ஒருநாள் எருக்குழியைப் பற்றிப் பேசுவார் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

1927-இல் அவர் அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகத்தில் பட்டம் பெற்றபின், நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்து பொது நிதிச் சாஸ்திரம் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் செலிக்மன் என்னும் கீர்த்தி பெற்ற பொருளாதார நிபுணர். இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்ற பொருள்பற்றிக் குமாரப்பா ஒரு மாதாகோவிலில் செய்த பிரசங்கத்தின் செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ணுற்ற ஆசிரியர், அதையே ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு செலவு ஏடுகளைத் தணிக்கைக்காரரின் கண்கொண்டு பார்த்த குமாரப்பாவுக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது. வரி ஓரிடத்தில் வசூலாகிறது. செலவு வேறோரிடத்தில் ஆகிறது. எடுத்த இடத்துக்குத் திரும்பாத செல்வமே ஏழ்மைக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். எடுத்ததைத் திரும்பக் கொடுத்தல் என்னும் இந்த ஒரே சூத்திரத்தையே அவர் பின்னர் நிலத்துக்கும் பொருத்தினார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

1929-இல் தாயகம் திரும்பியதும் கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, குமாரப்பா என்ற குடும்பப் பெயரை மேற்கொண்டார். அவர் தம்பி பாரதனும் அவ்வாறே செய்தார். அவ்வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி தம் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு மகாத்மாவைக் காண ஸபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் உலாவிக்கொண்டிருந்தவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு வயோதிகர் அமர்ந்து ராட்டை சுற்றுவதைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். அவரே காந்தியடிகள் என்று தெரியவந்ததும், பட்டுக் கால்சட்டையின் மடிப்பைப் பாராமல் அச்சாணத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேனாட்டுக் கணக்கர் அன்று நாட்டுமண்ணில் அமர்ந்தார். பிறகு எழுந்திருக்கவேயில்லை என்று சொல்லலாம்.

மகாத்மா அவரிடம் ஒரு வேலையை ஒப்புவித்தார். குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். குமாரப்பாவுக்குக் குஜராத்தி பாஷை தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களே அவருக்குத் துணைவர்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகச் சென்று விளைவு, கடன், கால்நடை, உணவு யாவற்றையும் விசாரித்து எழுதினார். புஸ்தகத்தில் படித்த பொருளாதாரத்தைக் கிராமத்தின் புழுதியில் சரிபார்க்கும் இம்முறை அன்றைய கலாசாலைகளுக்குப் புதிது. மாணவன் அளந்து எழுதிய எண் சர்க்காரின் ரிக்கார்டை மறுக்கும் சக்தி பெறலாம் என்பதை அந்த அறிக்கை காட்டிற்று.

பின்னர் உப்பு ஸத்தியாக்கிரகம் வந்தது. மகாத்மா சிறை சென்றபின் யங் இந்தியா பத்திரிகையின் பொறுப்பைக் குமாரப்பா ஏற்று எழுதினார். தாமும் சிறை சென்றார். விடுதலை பெற்று மீண்டும் சிறை சென்றார். 1931-இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடன் பொறுப்புக்களை ஆராயக் காங்கிரஸ் நியமித்த கமிட்டியிலும் பணிபுரிந்தார். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பிஹாரைப் பூகம்பம் பாழாக்கியபோது, பாபு ராஜேந்திர பிரஸாத்தின் நிவாரண நிதிக்குக் கணக்குப் பொறுப்பேற்றார். நிதியிலிருந்து ஒரு காசும் வீணாகக்கூடாதென்று அவர் வகுத்த விதிகள் மகாத்மாவின் பரிவாரத்துக்கும் விலக்களிக்கவில்லை. பரிவாரத்தின் செலவை நிவாரண நிதி ஏற்காது என்று தயக்கமின்றித் தெரிவித்தார். மகாத்மாவோ அதனால் அவரிடத்தில் மதிப்பு மிகுந்தவரானார்.

அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. வார்தாவில் சேட் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில், மகன்வாடி என்ற இடத்தில், அதன் வேலை தொடங்கிற்று. குமாரப்பா காரியதரிசியானார். நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு அவருடைய வாழ்க்கையில் இதுவே நடுநாயகமான காலம். மகன்வாடியில் எதுவும் கழிவென்று எறியப்படக்கூடாதென்பது விதி. பழங்காகிதத்தையும் நாரையும் கூழாக்கிக் கையால் காகிதம் செய்தார்கள். உண்ணத் தகாத எண்ணெயைக் கொண்டு எரியும் மகன் தீபம் என்ற விளக்கைச் சமைத்தார்கள். செக்கைத் திருத்தி அமைத்துப் பிண்ணாக்கு மாட்டுக்கும் நிலத்துக்கும் திரும்பும்படி செய்தார்கள். கிராம ஊழியராக வரும் வாலிபர்களுக்கு அங்கே பயிற்சிப் பள்ளி நடந்தது. மலத்தை மண்ணிட்டு மூடி எருவாக்குவதும் அவர்கள் கற்கவேண்டிய வேலையே. உயர்ந்த ஜாதி, உயர்ந்த படிப்பு என்று சொல்லி அதிலிருந்து தப்ப எவருக்கும் இடமில்லை.

இந்த எருவின் சாஸ்திரம் அக்காலத்தில் புதிய கௌரவம் பெற்றிருந்தது. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயத் தாவர சாஸ்திரி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பரிசோதனை நடத்தி, இந்தூர் முறை என்று பெயர் பெற்ற மக்கு எரு முறையை வகுத்திருந்தார். செத்தை, சருகு, வைக்கோல் இவற்றை அடுக்கி, இடையிடையே சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் தூவி, ஈரம் காத்து, காற்றுப் புகும்படி கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் கருநிறமான நல்ல எரு கிடைக்கும். இந்நாட்டுக் குடியானவர்களையும் சீனக் குடியானவர்களையும் ஆசிரியர்களாகக் கொண்டே தாம் இதைக் கற்றதாக அவர் ஒப்புக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. 1935-இல் மகாத்மா தம் ஹரிஜன் பத்திரிகையில் இம்முறையைக் கிராமங்களுக்கு எடுத்துரைத்தார். கிராமத்தின் அசுத்தமும் கிராமத்தின் வறுமையும் ஒரே மருந்தினால் தீரும் என்பது அவருக்கும் குமாரப்பாவுக்கும் பொதுவான அபிப்பிராயம்.

1938-இல் பண்டித ஜவாஹர்லாலின் தலைமையில் தேசியத் திட்டக் கமிட்டி அமைந்தபோது குமாரப்பாவும் அதில் அங்கம் பெற்றார். ஆனால் பெரிய யந்திரத் தொழில்களையே மையமாக வைத்து யோசனை செல்வதைக் கண்டு விலகிவிட்டார். சுயராஜ்யம் வருவதற்கு முன்பே, சுயராஜ்யத்தில் எது நடக்கும் என்பதை அவர் முன்கூட்டி உணர்ந்துகொண்டார் போலும்.

1942-இன் போராட்டத்தையொட்டி மீண்டும் சிறைவாசம். ஜபல்பூர் சிறையில் உடல் நலிந்தது, சிந்தனை கூர்மையுற்றது. கிறிஸ்து நாதரின் உபதேசத்தையும் நடைமுறையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் என்ற பொருள் கொண்ட மற்றொரு நூலும் அங்கே எழுதப்பெற்று 1945-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் மகாத்மா முன்னுரை அளித்தார். அவரைக் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று செல்லமாக அழைத்துக் கௌரவித்தார்.

நிலைத்த பொருளாதாரம் என்ற நூலைப் பொருளாதாரப் புஸ்தகம் என்று எண்ணித் திறப்பவர் முதலில் திகைப்படைவார்கள். விலையும் வட்டியும் அங்கே தொடக்கமல்ல; விதையும் இலையும் தேனீயும் புழுவுமே தொடக்கம். செடி மண்ணிலிருந்து சத்தை எடுக்கிறது, இலை உதிர்கிறது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் புழுக்களும் அதைச் சிதைத்து மறுபடியும் செடிக்கு உணவாக்குகின்றன. பறவை பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் விதைக்கிறது. இச்சக்கரம் அறுபடாதிருக்கும்வரை உலகம் நிலைக்கும். எங்கே அறுகிறதோ அங்கே ஹிம்சை தொடங்குகிறது. புலியைப்போல் கொன்று தின்பது, குரங்கைப்போல் பறித்துத் தின்பது, தான் உழைத்துத் தான் உண்பது, தேனீயைப்போல் கூட்டத்துக்காக உழைப்பது, தாய்ப்பறவையைப்போல் கைம்மாறு கருதாது ஊட்டுவது என்று பொருளாதாரங்களை ஐந்து படிகளாக அவர் வகுத்தார். மனித சமூகம் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறவேண்டும் என்பது அவருடைய போதனை.

திருமானூர்க்காரர்களுக்கு இச்சக்கரம் புஸ்தக விஷயமல்ல. அவ்வட்டாரத்திலேயே கரைவெட்டி ஏரி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் அந்த ஏரிக்கு ஆண்டுதோறும் தூர தேசத்துப் பறவைகள் வருகின்றன. 2024-இல் அது ராம்ஸார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எரு என்பதை வேடந்தாங்கல் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து பறவைகளைக் காத்துவந்திருக்கிறார்கள். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை மறிப்பதும், கொழிஞ்சியை விதைத்து மடக்கி உழுவதும் காவேரிப் பிரதேசத்தின் பழைய வழக்கங்கள். வள்ளுவர் உழவைப் பற்றிப் பேசுமிடத்தில் எருவிடுவதை ஏர் ஓட்டுவதற்கும் மேலாக வைத்துப் போனார். குமாரப்பா புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம்மவர் மறக்கத் தொடங்கிய ஒன்றைச் சாஸ்திர பாஷையில் நினைவூட்டினார்.

அந்நூலில் அவர் செய்த மற்றொரு பாகுபாடு இன்று மிகவும் பயன்படத்தக்கது. நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. மரம், ஓடும் நீர், பயிர் முதலியவை காலந்தோறும் புதுப்பிக்கப்படும் வரவு. இருப்பைத் தின்று வாழும் தேசங்கள் அவ்விருப்புக்காக ஒன்றோடொன்று சண்டையிட்டே தீரும் என்றார் அவர். ரஸாயன உரத்தின் நிலையை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது. மணிச்சத்து பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. சாம்பல் சத்தைத் தரும் பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. 2022-இல் ருஷியாவுக்கும் உக்ரேனுக்கும் யுத்தம் மூண்டபோது உலகச் சந்தையில் உரவிலை தாவி ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். ஜபல்பூர்க் கைதி 1945-இல் எழுதியதற்கு அதைவிடச் சிறந்த வியாக்கியானம் வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்தது. 1948-இல் நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் நியமித்த கமிட்டிக்குக் குமாரப்பா தலைவரானார். நிலம் உழுபவனைச் சேரவேண்டும் என்ற நோக்குடன் 1949-இல் அறிக்கை சமர்ப்பித்தார். அறிக்கையின் பெரும்பகுதி ஏட்டிலேயே தங்கிற்று. பதவிகள் பலருக்குக் கிடைத்த அக்காலத்தில் அவர் வார்தாவுக்கு அருகே ஸேல்டோ என்ற கிராமத்தில் நிலத்தைத் தேடிப் போனார். அங்கே அவர் அமைத்த ஆசிரமத்துக்குப் பண்ணை என்ற தமிழ்ப் பெயரையே சூட்டினார். ஒரு பிரதேசத்து ஜனங்களுக்கு வேண்டிய சமச்சீரான உணவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பருத்தி இவற்றுக்கு நிலத்தைப் பங்கிட்டுப் பயிரிடவேண்டும் என்பது அவருடைய திட்டம். லட்சம் பேருக்கு எத்தனை ஏக்கர் என்று பட்டியலே போட்டுக் காட்டினார். பணம் தரும் பயிரை எல்லோரும் விதைத்துவிட்டு உணவுக்குக் கையேந்தும் பைத்தியக்காரத்தனத்தை அவர் பொறுத்ததில்லை.

1951-இல் நல்லெண்ணத் தூதுக் குழுவில் ஒருவராகச் சீனாவுக்குச் சென்றார். அரசியல் காரணங்களுக்காக அவரைச் சந்தேகித்தவர்கள் உண்டு; அவரோ எங்கே சென்றாலும் நிலத்தையும் அதில் உழைப்பவனையுமே பார்த்தார். தாயகத்தில் ரஸாயன உரத்தையும் டிராக்டரையும் தேசத்தின் உய்வுக்கு வழியென்று சர்க்கார் பேசத் தொடங்கியபோது அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். செயற்கை உரம் நிலத்துக்கு ஊக்க மருந்தேயன்றி உணவாகாது என்பது அவர் வாதம். டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணம் போடாது என்ற கருத்து அவர் பெயரோடு இன்றும் தமிழ்நாட்டில் வழங்குகிறது. அதைக் கேட்டு நகைப்பவர்கள், மாடு போனபின் எருவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை.

இரத்தக் கொதிப்பு நோய் அவரை வாட்டிற்று. கடைசிக் காலத்தை மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் கழித்தார். விவாகம் செய்துகொள்ளாதவர், சொத்துச் சேர்க்காதவர். அவருடைய தம்பி பாரதனும் 1957-இல் காலமாகிவிட்டார். 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே தினத்தில், மதுரையில் குமாரப்பாவின் உயிர் பிரிந்தது. மகாத்மாவுக்கு ஆண்டுதோறும் மாலை சாத்தும் தேசம், அதே நாளில் மறைந்த அவருடைய கணக்கரை நினைப்பது அபூர்வம்.

குமாரப்பாவின் எதிரிகளுக்கும் நியாயம் வழங்கவேண்டியது நம் கடமை. அவர் மறைந்த சில வருஷங்களில் தேசம் கடுமையான உணவுப் பஞ்சத்தை எதிர்நோக்கிற்று. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நிலை அது. புதிய வித்துக்களும் ரஸாயன உரமும் நீர்ப்பாசனமும் சேர்ந்து அந்த அவமானத்தைப் போக்கின என்பதை மறுப்பவன் சரித்திரத்தை மறுப்பவனாவான். ஆனால் அவசரத்துக்கு வாங்கிய கடனை நிரந்தர வாழ்க்கையாகக் கொண்டதே பிழை. எரு குறைந்த நிலத்தில் மண்ணின் உயிர்ச்சத்து குறைந்தது. சத்து குறையக் குறைய உரத்தின் அளவு ஏறிற்று. 1938-இல் தஞ்சைப் பிரதேசத்து இளங்காட்டில் பிறந்து 2013-இல் மறைந்த நம்மாழ்வார், விவசாய ஆராய்ச்சி உத்தியோகத்தை விடுத்து ஊர் ஊராகச் சென்று சொன்னதும் இதுவே. குமாரப்பாவை அவர் தம் முன்னோடிகளில் ஒருவராகப் போற்றினார். காவேரிக் கரையில் விதைத்த விதை இரண்டு தலைமுறைக்குப் பின்னும் முளைக்கிறதென்று கொள்ளலாம்.

இனி மாணவர்களின் பரிசோதனைக்கு வருவோம். குமாரப்பாவின் சீடர்களாக விரும்புவோர் முதலில் கணக்கில் கண்டிப்பாயிருக்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. சாதாரணத் தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு அளவே. ஆகவே ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்தை எருவினால் மட்டும் தரவேண்டுமானால் சுமார் 4 டன் தொழு எரு தேவை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தழைச்சத்துள்ள மண்புழு எருவானால் சுமார் 1,400 கிலோ வேண்டும். இவ்வெண்களைக் கண்டு மலைக்கவேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எரு தருவது தழைச்சத்து மட்டுமன்று. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் நுண்சத்துக்களும், நீரைப் பிடித்துவைக்கும் சக்தியும், மண்ணில் வாழும் உயிர்களுக்கு உணவும் அதனோடு வருகின்றன. ஆயினும் ஒரு கைப்பிடிப் பழத்தோலால் ஒரு காணி விளையும் என்று சொல்பவன் குமாரப்பாவின் நண்பன் அல்லன்.

பரிசோதனை செய்யும் முறையிலும் அதே கண்டிப்பு வேண்டும். ஒரே அளவுள்ள தொட்டிகள், ஒரே மண், ஒரே வித்து, ஒரே அளவு நீர், ஒரே வெயில். எரு ஒன்று மட்டுமே வேறுபடவேண்டும். எருவே இடாத தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இன்றேல் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு வகைக்கும் மூன்று தொட்டிகளாவது வைத்தால்தான் தற்செயலை விலக்க முடியும். வாரந்தோறும் உயரத்தை அளந்து எழுதி, முடிவில் செடியைப் பிடுங்கி உலர்த்தி எடைபோட்டால், கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றியது எடையில் நிற்கிறதா என்று விளங்கும்.

தோல்வியும் பாடமே. மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் அப்படியே தொட்டியில் இட்டால் செடி மஞ்சளித்துப் போகும். அவற்றில் கரிச்சத்து அளவுக்கு மேல் மிகுந்திருப்பதால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தாங்களே கைப்பற்றிக்கொள்கின்றன. கரிச்சத்து முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் சருகையும் சாணத்தையும் பச்சைத் தழையையும் கலந்து மக்கவைத்தால் இக்குறை நீங்கும். முட்டை ஓடு சுண்ணாம்புப் பொருளாலானது. புளிப்பு மண்ணுக்கு அது நல்ல உதவி. சிமிட்டி ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் தரும் அரியலூர்ப் பூமியில், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலே முட்டை ஓட்டைத் தூவுவதால் பெரும்பயன் விளையாது. பிற நாட்டில் பலித்த முறை நம் ஊர் மண்ணில் பலிக்குமா என்று சோதித்தறிவதே மாணவனின் வேலை. மாதர் தாலுகாவில் வித்யாபீடத்து இளைஞர்கள் செய்ததும் அதுவே.

இப்படிப்பட்ட பரிசோதனைகள் கண்காட்சிக்காக ஒரு வாரம் ஜோடிக்கப்பட்டு, பரிசு வழங்கியபின் தொட்டிகள் குப்பைக்குப் போவதை நாம் பல இடங்களில் கண்டு வருந்துகிறோம். கழிவிலிருந்து பிறந்த பரிசோதனை கழிவாகவே முடிவது எவ்வளவு பொருத்தமற்றது! ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு எருக்குழியும், ஒரு சிறு பாத்தியும், வருஷாவருஷம் கைமாறும் ஒரு கணக்கு நோட்டும் இருக்குமானால், பத்து வருஷத்தில் அவ்வூர் மண்ணைப் பற்றி அவ்வூர்ப் பிள்ளைகள் அறிந்திருப்பதை வேறெவரும் அறிந்திருக்கமாட்டார்கள். பள்ளி உணவுக்கூடத்தில் மிஞ்சும் காய்த்தோல், மைதானத்து மரங்களின் சருகு, அருகிலுள்ள தொழுவத்துச் சாணம் ஆகிய மூன்றும் பைசாச் செலவில்லாமல் கிடைப்பவை. பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் பிரித்தெடுப்பது ஒன்றே புதிய சிரமம். குமாரப்பாவின் காலத்துக் குப்பையில் அவ்விஷம் இல்லை.

பஞ்சாயத்துக்களில் அங்கம் வகிப்போருக்கும் தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவடைக்குப்பின் கரும்புச் சோகையைக் கொளுத்தும் புகை எழும்போது, அது குடியானவனின் சோம்பல் என்று எண்ணிவிடுவது எளிது. கூலியும் அவகாசமும் மாடும் இல்லாதவன் வேறென்ன செய்வான்? சோகையை நறுக்கும் கருவியும், பொதுவான எருக்குழியும், எருவுக்குக் கொஞ்சம் விலையும் கிடைக்கச் செய்தால் புகை தானே அடங்கும். ரஸாயன உரத்துக்குச் சர்க்கார் ஏராளமாகப் பண உதவி செய்கிறது. எருவுக்கும் அதில் ஒரு நியாயமான பங்கு வேண்டுமென்று கேட்பது பிச்சையன்று.

குமாரப்பா விட்டுச் சென்றது மாளிகையல்ல, பாங்குக் கணக்குமல்ல. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திரும்பச் செலுத்தவேண்டிய ஒரு கடன் பத்திரம். அதில் கையொப்பமிட்டவர்கள் நாம் எல்லோரும். திருமானூர்ப் பள்ளியொன்றில் ஒரு சிறுமி ஒரு பிடி சருகைக் குழியிலிட்டு, தேதியையும் எடையையும் நோட்டில் குறித்தால், அக்கடனில் ஒரு தவணை செலுத்தப்பட்டதாகும். மற்றத் தவணைகளைப் பெரியவர்கள் செலுத்தட்டும்.